மனைவியோடு பைக்கில் வெளிநாடு: வியட்நாமா, தாய்லாந்தா?

கேள்வி: டிசம்பரில் நானும் மனைவியும் பத்து நாள் வெளிநாட்டில் பைக்கில் சுற்றலாம் என்றிருக்கிறோம். வியட்நாமின் ஹா சாங் மலைப்பாதையா, தாய்லாந்தின் மே ஹாங் சோன் மலைப்பாதையா? கொல்லிமலையின் 70 வளைவிலேயே அவளுக்குத் தலை சுற்றியது. ஆனாலும் என்னைவிட அவளுக்குத்தான் ஆசை அதிகம்.

பதில் 1: முதலில் லைசென்ஸைப் பாருங்க. இந்தியாவில் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி வருவது. வியட்நாம் 1968 வியன்னா ஒப்பந்த அனுமதியைத்தான் ஏற்கும். அதை மீறி ஓட்டி விபத்தானால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். ஹா சாங் கட்டாயம் பார்க்கணும்னா உள்ளூர் ஓட்டுநர்களின் பின்சீட்டில் ஆளுக்கொரு வண்டியில் போகலாம். தாய்லாந்தில் நம்ம அனுமதி செல்லும், இடப்பக்கப் போக்குவரத்துதான். அனுமதியில் டூவீலர் பிரிவு இருக்கணும்.

பதில் 2: நாங்க தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் வண்டி எடுத்து மே ஹாங் சோன் சுற்றினோம். சுமார் 600 கி.மீ., 1,864 வளைவுகள்னு அந்த ஊர்க்காரங்களே பெருமையாச் சொல்வாங்க. 125 சிசி ஸ்கூட்டர் இரண்டு பேரோட ஏற்றத்தில் திணறிடுச்சு. பெரிய வண்டியா எடுங்க. ஒரு நாளைக்கு 150 கி.மீ. போதும். என் மனைவிக்கு பாய் (Pai) என்ற ஊருக்குப் போகும் வழியில்தான் தலைசுற்றல். மணிக்கொரு முறை நிறுத்தினேன், சரியாச்சு. வாடகைக் கடையில் பாஸ்போர்ட்டை மட்டும் அடகு வைக்காதீங்க, பணமா முன்தொகை கொடுங்க. டிசம்பர் காலையில் மலையில் நல்ல குளிர், ஜாக்கெட் இரண்டு பேருக்கும்.

கேட்டவர்: ரொம்ப நன்றி. அப்போ தாய்லாந்துதான். அவள் ஹெல்மெட்டை இங்கேயே வாங்கிவிடுகிறேன், அளவு சரியாக இருக்கட்டும்.