அப்டேட்: தாத்தா நினைவா ஆரம்பிக்கிற வாட்ச் கம்பெனி

ஏற்காட்டு காப்பித் தோட்டத்துல வேலை பார்த்த தாத்தாவோட எச்எம்டி ஜனதா வாட்ச் நினைவா ஒரு வாட்ச் கம்பெனி ஆரம்பிக்கப் போறேன்னு போன மாசம் எழுதியிருந்தேன்ல, முதல் சாம்பிள் வந்துருச்சு! தாத்தாவோடதுக்கு தினமும் சாவி கொடுக்கணும், இதுக்குள்ள இருக்குறது மியோட்டா 8215ங்கிற ஆட்டோமேட்டிக் மெஷின், கை அசைஞ்சாலே ஓடும், மணிக்கு 21,600 துடிப்பு, அதாவது செகண்டுக்கு ஆறு. டயல் காப்பிப் பழச் செவப்பு, ஓரத்துல 20 கோடு, மலைப்பாதையோட 20 கொண்டை ஊசி வளைவுக்காக (இத மட்டும் யாரு சொன்னாலும் மாத்த மாட்டேன்). ஞாயித்துக்கிழமை அதக் கட்டிக்கிட்டு சேர்வராயன் கோயில் வரைக்கும் பைக்ல போனேன், பனியில கண்ணாடிக்கு உள்ள ஆவி படிஞ்சிருச்சு, சேலத்துல வாட்ச் ரிப்பேர் அண்ணன் ஒருத்தர் பார்த்த உடனே கேஸ்கெட் (ஈரம் உள்ள போகாம தடுக்குற ரப்பர் வளையம்) சரியா உக்காரலன்னுட்டார். அத மாத்தி மறுபடி டெஸ்ட் பண்ணிட்டுத்தான் ஆர்டர் எடுப்பேன். பாட்டி வாங்கி காதுல வச்சுக் கேட்டாங்க, ரொம்ப நேரம் திருப்பிக் குடுக்கவே இல்ல.