உதவி: பிரிக்கத் தோண்டிய செடி, இழுத்தால் முறிகிறது

வளவு_புதுசு:
அவசரம். குளிருக்கு முன் வளவைத் துப்புரவாக்கும்போது, முன்பக்கத்துப் பூச்செடியைப் பிரிக்கலாமென்று அலவாங்கு போட்டுக் கிளப்பிவிட்டேன். வாழைக்குட்டி மாதிரிக் கழன்று வருமென்று நினைத்தேன். அடியில் மரவள்ளி போலத் தடித்த கிழங்குகள் பின்னிக் கிடக்கின்றன. இரண்டு முறிந்துவிட்டன. எங்கே வெட்டுவது?

சாமந்தி_அக்கா:
என்ன செடி தம்பி? எந்த ஊர்? வெயிலா, நிழலா? படம் இருந்தால் போடுங்கள்.

மேப்பிள்_நிழல்:
கிழங்கு என்றால் டேலியாதான். திரும்ப நடாதீர்கள், உறைந்து அழுகிவிடும். நிலவறையில் வைத்து மே மாதம் நடுங்கள்.

பழைய_கை:
ஒவ்வொரு அக்டோபரிலும் இதே கதை. செடியின் பெயர்கூடத் தெரியாமல் அலவாங்கைத் தூக்கலாமா? முதலில் கேட்டுவிட்டுத் தோண்டப் பழகுங்கள்.

வளவு_புதுசு:
ஸ்காபரோ, கனடா. பெயர் தெரியாது, வீடு வாங்கும்போதே இருந்தது. முன்பு ஜூனில் பெரிய இளஞ்சிவப்புப் பூ வரும், மொட்டெல்லாம் எறும்பு. 3 வருடமாக வெறும் இலைதான்.

சாமந்தி_அக்கா:
அது பியோனி. எறும்பு மொட்டில் கசியும் தேனுக்கு வருவது, கெடுதல் இல்லை. கிழங்கைத் தண்ணீர் பீச்சிக் கழுவி, சில மணி நேரம் நிழலில் விடுங்கள். வாடினால் வளையும், முறியாது. கழுத்தில் சிவந்த முளைகள் தெரியும். துண்டுக்கு 3 முதல் 5 முளையும் நல்ல வேரும் இருக்கும்படி கூரான கத்தியால் வெட்டுங்கள். இன்றே நட்டால் நிலம் உறையுமுன் வேர் பிடிக்கும்.

மேப்பிள்_நிழல்:
அப்படியானால் பூக்காததற்குப் புல்தரைப் பசளைதான் காரணம். நைதரசன் கூடினால் இலைதான் வரும்.

பழைய_கை:
பசளை, பசளை என்று எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தா? ஆழத்தைப் பாருங்கள். முளைக்கு மேல் 5 சென்டிமீட்டருக்கு மேல் மண் இருந்தால் பியோனி பூக்காது. பிரித்த பிறகும் பூவுக்கு 2, 3 வருடம் பொறுக்க வேண்டும். பழைய தண்டு, இலை எல்லாவற்றையும் அடியோடு வெட்டி அகற்றுங்கள். வளவில் ஒரு சருகும் இருக்கக் கூடாது.

சாமந்தி_அக்கா:
பியோனி இலையை அகற்றுவது சரி, பூஞ்சணம் அதில் தங்கிக் குளிரைக் கடக்கும். ஆனால் முழு வளவையும் ஏன் மொட்டையடிக்க வேண்டும்? வெற்றுத் தண்டுக்குள் சிறு தேனீக்கள் குளிரைக் கழிக்கின்றன. எக்கினேசியாப் பூச்செடியின் விதைத்தலையை வெட்டாமல் விட்டால் மஞ்சள் சிட்டுகள் வந்து கொத்தும்.

பழைய_கை:
ஈரச் சருகு மெத்தையாகப் படிந்தால் புல் செத்துவிடும். 20 வருடமாகக் கடதாசிப் பையில் அள்ளிக் கட்டி வைக்கிறேன்.

சாமந்தி_அக்கா:
புல்லின் மேல் விடச் சொல்லவில்லை. அங்கிருந்து வாரிப் பாத்தியில் போடலாமே. நல்ல சருகைப் பையில் கட்டி அனுப்பிவிட்டு வசந்தத்தில் காசு கொடுத்து மண் வாங்குகிறோம், எனக்கு மனம் கேட்பதில்லை.

மேப்பிள்_நிழல்:
மேப்பிள் இலையைப் புல்வெட்டியால் நொறுக்கிப் போடுங்கள், இல்லாவிட்டால் மக்க நாளாகும். தம்பி என்ன ஆனார்?

வளவு_புதுசு:
நட்டாயிற்று. 4 துண்டு. முறிந்ததில் முளை இல்லை, எறிந்துவிட்டேன். பழைய இடத்தில் முளைக்கு மேல் அரைச் சாண் மூடியிருந்தது, வருடா வருடம் நான் கொட்டிய மரச்சீவல். நன்றி அக்கா, பழைய கை அண்ணாவுக்கும்.