பத்திரம் பதிந்த அன்றே பட்டாவா? யாருக்கு வந்தது, காட்டுங்கள்

தரகர் முருகு:
நேற்று மணி என்பவர் இங்கே எழுதியிருந்தார்: "இப்போதெல்லாம் பத்திரம் பதிந்த அன்றே பட்டா தானாக மாறிவிடுகிறது. தரகர்கள்தான் தாலுகா ஆபீஸ் பெயரைச் சொல்லிப் பயமுறுத்திக் காசு பார்க்கிறார்கள்." படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. 19 வருஷமாகச் சென்னைப் புறநகரில் மனையும் வீடும் வாங்கி விற்றுக் கொடுக்கிறேன். அன்றே பட்டா வந்திருந்தால் என் செருப்பு இவ்வளவு தேய்ந்திருக்காது சார்.

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒருவர், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். 2,400 சதுர அடி மனையில் பாதி, 1,200 சதுர அடி, அவர்களுக்கு முடித்துக் கொடுத்தேன். பத்திரம் பதிந்தாயிற்று. உட்பிரிவுக் கட்டணமும் (மனையைப் பிரித்துத் தனி எண் கொடுப்பதற்கானது) பதிவின்போதே கட்டியாயிற்று. அப்புறம் எட்டு மாதம். பதினோரு முறை நானே போனேன். நாலாவது மாதம் ஒரு சாயங்காலம் சர்வேயர் வந்தார். மூலைக்கல்லைக் காணவில்லை. பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி நானும் வேன்காரரும் கடப்பாரை போட்டுத் தோண்டி, இரண்டடி ஆழத்தில் கல் தட்டுப்பட்டது. மண்ணைத் துடைத்துக் காட்டினோம். அவர் அளந்து நோட்டில் குறித்துக்கொண்டு போனார். அடுத்த மாதம் அவருக்கு மாறுதல். புதிதாக வந்தவர் "நான் அளக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். மறுபடியும் முதலிலிருந்து. இதில் நான் எங்கே காசு பார்த்தேன், மணி சார் சொல்லட்டும்.

மணி:
எனக்கு அன்றே வந்தது. காலை 11 மணிக்குப் பதிவு, சாயங்காலம் கைபேசியில் செய்தி, இணையத்தில் என் பெயரில் பட்டா. ஒருவருக்கும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை, தரகரும் இல்லை. உங்களுக்கு எட்டு மாதம் ஆனால் தவறு உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

தரகர் முருகு:
உங்களுக்கு வந்தது உட்பிரிவு உள்ளதா இல்லாததா? அதை மட்டும் சொல்லுங்கள்.

மணி:
அது எனக்குத் தேவையில்லாத விஷயம். அன்றே வந்தது.

பத்திர எழுத்தர்:
இரண்டு பேரும் வேறு வேறு விஷயத்தைப் பேசுகிறீர்கள். விற்பவர் பெயரில் பட்டா சரியாக இருந்து, அந்த எண்ணில் உள்ள முழு நிலத்தையும் விற்றால் உட்பிரிவு தேவைப்படாது. கணினியே பெயரை மாற்றிவிடும். ஒரு பகுதியை மட்டும் விற்றால் சர்வேயர் வந்து அளந்து, புலப்படத்தில், அதாவது நில அளவை வரைபடத்தில், கோடு போட்டு, புது உட்பிரிவு எண் கொடுத்த பிறகுதான் பட்டா. முன்பிருந்தே முதல் வகைக்கு 15 நாள், இரண்டாவதற்கு 30 நாள் என்று கணக்கு வைத்திருந்தார்கள். மணி சார் வாங்கியது அங்கீகாரம் பெற்ற லேஅவுட்டில் ஏற்கெனவே உட்பிரிவு செய்த மனையாக இருக்கும். 'தானாக' என்றால் என்ன என்று முதலில் பேசிக்கொண்டால் இந்தச் சண்டையே...

தரகர் முருகு:
எழுத்தர் அண்ணா, 30 நாள் என்றீர்களே, அந்த 30 நாள் எங்கே? அதைத்தானே நானும் கேட்கிறேன். எட்டு மாதம் அண்ணா. அந்த வேன்காரர் வீட்டு வாடகையும் கொடுத்துக்கொண்டு, மனைக்கு வாங்கிய கைமாற்றுக் கடனுக்கு வட்டியும் கட்டிக்கொண்டு இருந்தார். வீடு கட்டும் கடனுக்கு அனுமதிக் கடிதம் கொடுத்த வங்கி, பட்டா இல்லாமல் பணம் விடமாட்டேன் என்றது. மூன்று மாதத்தில் கடிதம் காலாவதி. மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம். இதையெல்லாம் எந்தக் கணக்கில் எழுதுவது? மணி சார் சாயங்காலம் செய்தி வந்ததைப் பெருமையாகச் சொல்கிறார். எங்கள் ஆட்களுக்கும் செய்தி வந்தது. "உங்கள் மனு தள்ளுபடி செய்யப்பட்டது" என்று. காரணம் "ஆவணங்கள் போதவில்லை". எந்த ஆவணம் என்று ஒரு வரி இருந்ததா? இல்லை.

மணி:
போதாத ஆவணத்தோடு விண்ணப்பித்தால் தள்ளுபடிதான் செய்வார்கள். 2022லிருந்து எங்கிருந்தும் எந்நேரமும் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். நீங்கள் இன்னும் ஆபீஸ் வாசலில் நிற்பதுதான் வியப்பு. வேறு வேலை இல்லையா?

ஓய்வுபெற்ற ஆர்ஐ:
வருவாய்த் துறையில் 31 வருஷம் வேலை பார்த்து, வருவாய் ஆய்வாளராக (ஆர்ஐ) ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். முருகு சொல்வதில் பாதிதான் உண்மை. பல கிராமங்கள் சேர்ந்த ஒரு குறுவட்டத்துக்கு ஒரு சர்வேயர். அவர் நீதிமன்ற அளவைக்குப் போக வேண்டும், ஆக்கிரமிப்புக்குப் போக வேண்டும், நில எடுப்புக்குப் போக வேண்டும், தேர்தல் வந்தால் அதற்கும் போக வேண்டும். அளப்பதற்கு முன் பக்கத்து நிலக்காரர்களுக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவர் ஆட்சேபம் சொன்னால் விசாரிக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் வருவதற்கு இது ரயில் டிக்கெட் இல்லை தம்பி. அவசரத்தில் ஒருவர் அரை அடி தள்ளிக் கோடு போட்டுவிட்டால் இரண்டு குடும்பம் 20 வருஷம் கோர்ட்டுக்கு அலையும். அன்றே கொடு, அன்றே கொடு என்று கேட்கிறவர்கள் அதை யோசிப்பதில்லை.

தரகர் முருகு:
ஐயா, நான் அன்றே கேட்கவே இல்லை. அன்றே வந்தது என்று சொன்னவர் மணி. நான் கேட்பது நீங்கள் போட்ட 30 நாள்.

அப்புறம் அரை அடியைப் பற்றி நீங்கள் பேச வேண்டாம் ஐயா. யூடிஆர் என்று, நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கிற ஒரு வேலையை உங்கள் துறை 1980களில் செய்தது. அதில் ஏறிய தப்பை இன்று வரைக்கும் நாங்கள் சுமக்கிறோம். பத்திரத்தில் கோவிந்தசாமி, உங்கள் துறையின் நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டில் கோவிந்தன். அதே ஆள், அதே நிலம். சரி செய்யப் போனால் வாரிசுச் சான்று கொண்டு வா, தாய்ப்பத்திரம் கொண்டு வா, கோவிந்தசாமியும் கோவிந்தனும் ஒருவர்தான் என்று சான்று கொண்டு வா. செத்துப் போய் 26 வருஷம் ஆன மனுஷனுக்கு யாரிடம் போய் வாங்குவது? தப்பாக எழுதியது உங்கள் பேனா. அலைவது எங்கள் கால்.

ஓய்வுபெற்ற ஆர்ஐ:
தாசில்தார் உத்தரவு சரியில்லை என்றால் 1983ஆம் வருஷத்துப் பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தில் 12ஆம் பிரிவின்படி கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, 13ஆம் பிரிவின்படி மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. வழி இருக்கிறது. வழியை விட்டுவிட்டுக் குறுக்கே போகிறவர்கள்தான் அலைகிறார்கள். அந்தக் குறுக்கு வழியைக் காட்டுகிறவர்கள் யார் என்பதும் எனக்குத் தெரியும். 31 வருஷம் என் மேசைக்கு எதிரில் கவரோடு நின்றது மனை வாங்கியவர் இல்லை, தரகர்தான்.

தரகர் முருகு:
கவரை நீட்டியவன் தரகன் என்றால் வாங்கியது யார் ஐயா? அதையும் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற ஆர்ஐ:
நான் வாங்கியதில்லை.

தரகர் முருகு:
நீங்கள் வாங்கினீர்கள் என்று நான் சொல்லவில்லையே.

வீடு தேடுபவள்:
நடுவில் வருகிறேன், மன்னியுங்கள். வருகிற வெள்ளிக்கிழமை நகரத்துக்குள் ஒரு பழைய தனி வீடு பதிவு செய்யப் போகிறோம். சொத்து வரி ரசீதில் புது எண் 31, மின் கட்டண அட்டையில் பழைய எண் 14, தண்ணீர் வரியில் 14/31. பத்திரத்தில் கிராம சர்வே எண் மட்டும் இருக்கிறது, பட்டாவிலோ வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் என்று வேறு ஏதோ இருக்கிறது. எல்லாம் ஒரே வீடுதான் என்று எப்படிக் காட்டுவது? யாராவது சொல்லுங்களேன்.

தரகர் முருகு:
பார்த்தீர்களா மேடம், இதைத்தான் சொல்ல வந்தேன். ஒரே வீட்டுக்கு நாலு ஆபீஸ், நாலு முகவரி. வரி ஆபீஸில் பெயர் மாற்றப் போனால் பத்திரத்தில் புது எண் இல்லை என்பார்கள். பத்திரத்தில் சேர்க்கப் போனால் வரி ரசீதில் பழைய எண் இல்லை என்பார்கள். ஒரு வார்டு ஆபீஸில் (எது என்று சொல்ல மாட்டேன், நாளைக்கும் அங்கே போக வேண்டும்) ஒரு பாட்டி வீட்டுக்குப் பெயர் மாற்ற ஆறு மாதம் அலைந்து, கடைசியில் பாட்டியின் பெயரோடு பக்கத்து வீட்டு வரி எண்ணைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தத் தப்பைத் திருத்த மறுபடியும் நாங்கள்தான் மனு எழுத வேண்டுமாம். தப்புச் செய்தவர் எழுந்து வந்து திருத்தக் கூடாதா?

இத்தனைக்கும் சும்மா வாங்குகிறார்களா? முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 80 லட்சத்துக்கு 7 லட்சத்து 20 ஆயிரம். 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணத்தை 4லிருந்து 2 ஆக்கினோம் என்றார்கள், அதே நாளில் 2017ல் குறைத்த வழிகாட்டி மதிப்பை, அதாவது கட்டணம் கணக்கிட அரசு வைக்கிற நில மதிப்பை, பழையபடி ஏற்றிவிட்டார்கள். ஒரு கை கொடுத்ததை மறு கை வாங்கிக்கொண்டது. அவ்வளவு பணத்தைக் கட்டியவன், மூலைக்கல்லைத் தேடிக் கடப்பாரையோடு நிற்கிறான்.

மணி:
வரி 9 சதவீதம் என்று வருத்தப்படுகிறீர்கள், சரி. உங்கள் கமிஷன் 2 சதவீதம், விற்பவரிடம் 2, வாங்குபவரிடம் 2. அதற்கு ரசீது உண்டா? ரெரா (மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு எண் உண்டா? அதைப் போடுங்கள் முதலில்.

தரகர் முருகு:
எண் இருக்கிறது. ரெரா சட்டம் 9ஆம் பிரிவு, பதிவு செய்யப்பட்ட திட்டங்களில் விற்றுக் கொடுக்கிற முகவருக்குத்தான். பழைய வீடு கைமாற்றிக் கொடுப்பதற்கு அது வேண்டியதில்லை, இருந்தாலும் நான் பதிந்து வைத்திருக்கிறேன். உங்களுக்குக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. நீங்கள் உங்கள் பட்டாவைக் காட்டுங்கள், உட்பிரிவு எண்ணை மட்டும், பெயரை மறைத்துவிட்டு.

மணி:
என் பட்டாவை ஏன் உங்களுக்குக் காட்ட வேண்டும்? அன்றே வந்தது என்றால் வந்தது.

பத்திர எழுத்தர்:
மேடம், உங்கள் கேள்விக்கு: நகர நில அளவையில் பழைய எண்ணுக்கும் புது எண்ணுக்கும் ஒப்பீட்டு விவரம் இருக்கும், டவுன் சர்வே பதிவேட்டு நகலோடு அதையும் கேட்டு வாங்குங்கள். சொத்து விவரத்தில் பழைய சர்வே எண், புது டவுன் சர்வே எண், பழைய கதவு எண், புதுக் கதவு எண் நாலையும் எழுதச் சொல்லுங்கள். சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை இரண்டு சர்வே எண்ணுக்கும் போட்டுப் பாருங்கள். மிகப் பழையது இணையத்தில் வராவிட்டால், கையால் தேட மனு கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை முகூர்த்த நாளா? அப்படியானால் ஒரு சார்பதிவாளர் இருக்கும் இடத்தில் 100க்குப் பதில் 150 டோக்கன் விடுவார்கள், கூட்டம் தாங்காது.

தரகர் முருகு:
150 டோக்கன் விடுவார்கள், சர்வரை யார் விடுவது? போன முகூர்த்தத்தில் 40 டோக்கனோடு படுத்துவிட்டது. கைக்குழந்தையோடு வந்தவர்கள் சாயங்காலம் 6 மணி வரை மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். துபாயிலிருந்து இரண்டு நாள் விடுப்பில் வந்தவர் பதியாமலே திரும்பிப் போனார். அப்புறம் எழுத்தர் அண்ணா, நீங்கள் மட்டும் என்ன? பத்திரத்துக்கு இவ்வளவு என்று பலகை வைத்திருக்கிறீர்களா?

பத்திர எழுத்தர்:
நான் யாருக்கும் எதிராகப் பேசவில்லை. உதவி செய்ய வந்தேன். என்னை ஏன் இழுக்கிறீர்கள்? இரண்டு வருஷத்துக்கு முன் நீங்கள் கூட்டி வந்த ஆளுக்கு இரவு 10 மணி வரை உட்கார்ந்து எழுதிக் கொடுத்தது மறந்துவிட்டதா? அந்தக் கூலி இன்னும் பாக்கி.

தரகர் முருகு:
அது அவர் கொடுக்க வேண்டியது அண்ணா, நான் இல்லை.

ஓய்வுபெற்ற ஆர்ஐ:
இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பட்டா என்பது உரிமை ஆவணமே இல்லை. வருவாய்ப் பதிவு உரிமையைத் தராது என்று நீதிமன்றங்கள் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. பத்திரம் இருந்தால் நிலம் உங்களுடையதுதான். எட்டு மாதம் பட்டா வராததால் யாருடைய நிலமும் போய்விடவில்லை.

தரகர் முருகு:
இதை வங்கி மேலாளரிடம் வந்து சொல்லுங்கள் ஐயா. கட்டட அனுமதி கொடுக்கிற இடத்தில் சொல்லுங்கள். பட்டா இல்லாமல் வரைபடத்தைக் கையில்கூட வாங்க மாட்டார்கள். கோர்ட்டுக்கு வேண்டாத காகிதம், மீதி எல்லா ஆபீஸுக்கும் வேண்டும். உரிமை ஆவணம் இல்லையாம்! எட்டு மாதம் அந்த வேன்காரர் மனைவி தினமும் எனக்குப் போன் செய்து, "அண்ணா, இன்றைக்காவது கையெழுத்து ஆயிற்றா?" என்று கேட்பார். "அக்கா, அது உரிமை ஆவணமே இல்லையாம்" என்று சொல்லியிருக்க வேண்டுமா? என்னால் முடியாது. என்னை நம்பித்தான் நகையை விற்றார்கள். ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறவர் முகத்தை அவர்களுக்குத் தெரியாது, என் முகம்தான் தெரியும்.

மணி:
உங்கள் சோகக் கதை எல்லாம் சரி. கேள்வி ஒன்றுதான். அன்றே பட்டா வருகிறதா இல்லையா? வருகிறது. எனக்கு வந்தது.

தரகர் முருகு:
உட்பிரிவு உண்டா இல்லையா?

மணி:
அன்றே வந்தது.

வீடு தேடுபவள்:
எழுத்தர் ஐயா, மிக்க நன்றி. இன்னும் ஒரு சந்தேகம். வெள்ளிக்கிழமை பதிந்தால் எனக்கு அன்றே வருமா, எட்டு மாதம் ஆகுமா?

தரகர் முருகு:
மேடம், அதை மணி சாரிடம் கேளுங்கள். எண்ணை மறைத்து வைத்திருக்கிறார். நான் நாளைக் காலை 9.30க்குத் தாலுகா ஆபீஸில் இருப்பேன், சந்தேகம் இருக்கிறவர்கள் நேரில் வந்து பாருங்கள்.

ஓய்வுபெற்ற ஆர்ஐ:
ஆபீஸ் 10 மணிக்குத்தான்.

தரகர் முருகு:
தெரியும் ஐயா. வரிசை 9.30க்கே ஆரம்பித்துவிடும்.