கருப்பசாமி துணை 🙏 (குடும்ப குரூப்)

பாண்டி: ஞாயித்துக்கெழம யாழினிக்கு காதுகுத்து. காலைல 7 மணிக்கு காளவாசல்ல வேன் நிக்கும். யார் யார் வர்றீக?

கார்த்தி: நானும் அம்மாவும்

சோலைமலை: கிடா எத்தன

பாண்டி: ரெண்டு பெரியப்பா

தனம்: மதினி, முருகேசண்ணன் மடியிலதான் புள்ளைய வைக்கணும். வந்துருவாருல்ல?

செல்வி: வருவாரு தனம். ஆனா உறுமி, வெடி எதுவும் பக்கத்துல வேணாம்மா. தலையில அடிபட்டதுலருந்து நாலு பேரு ஒரே நேரத்துல பேசுனாலே எதைக் கேக்குறதுன்னு அவருக்குப் பிரிக்கத் தெரியல, தல வலிக்க ஆரம்பிச்சிரும், அப்பறம் யாரு என்னன்னு பாக்காம கத்திருவாரு, நெத்திப்பக்கம் அடிபட்டா கோவத்த அடக்குற எடம்தான் கெட்டுப்போகும்னு டாக்டரே சொல்லிட்டாரு, திமிரு இல்ல. கூட்டத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்தாலே மறுநா பூரா படுக்கைதான்

சோலைமலை: போன வாரம் பாத்தேன் நல்லாத்தான இருந்தான்

செல்வி: பாக்க நல்லாத்தான் இருப்பாரு மாமா. மண்டையோட்டுல ஒரு துண்ட எடுத்து வயித்துத் தோலுக்கடியில வச்சு தச்சு, வீக்கம் வத்துனப்பறம் திரும்ப வச்சாக. தழும்ப முடி மறச்சிருச்சு, எல்லாருக்கும் மறந்தும் போச்சு

சுந்தரி: எம் மக கல்யாணத்துக்கு மொய் எழுதுனேன்னு சாதிச்சான். நோட்டுல பேரே இல்ல

செல்வி: அத்தை அது பொய் இல்ல. எழுதுன மாதிரியே அவருக்கு நெசமா ஞாபகம் இருக்கு. நடக்காதது நடந்த மாதிரி வரும்

சுந்தரி: ம்ம்

கார்த்தி: சமையலுக்கு யாரு? முருகேசண்ணன் கறிக்கொழம்பு மாதிரி வராது

தனம்: டேய் அண்ணனுக்கு வாசமே தெரியாதுடா இப்ப

செல்வி: கேஸ் லீக்கானாலும் தெரியல. அதான் அடுப்படிப் பக்கமே விடுறதில்ல

சோலைமலை: ஒரு கட்டிங் போட்டா எல்லாம் சரியாயிரும் 😄

செல்வி: மாமா கையெடுத்துக் கும்புடுறேன். வலிப்பு மாத்திரை சாப்புடுறவரு, தண்ணி உள்ள போனா ஃபிட்ஸ் வந்துரும். மாத்திரையயும் ஒரு வேள விடக்கூடாது. ஆடியில யாரு ஊத்திக் குடுத்தீகன்னு எனக்குத் தெரியும்

கார்த்தி: நான் இல்ல

பாண்டி: 🙄

சுந்தரி: சின்னவன் சுரேஷ் மடியில வச்சா என்ன

தனம்: மூத்த மாமன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில எதுக்கு சித்தி

முருகேசன்: குரூப்லதான் இருக்கேன். எல்லாத்தயும் படிச்சிட்டுதான் இருக்கேன்

கார்த்தி: அண்ணே 🙏🙏

முருகேசன்: புள்ள ஏம் மடியிலதான். மேளம் வேணாம்

முருகேசன்: என்னைக்குன்னு சொன்னீக

தனம்: ஞாயித்துக்கெழமண்ணே. மதினி காலண்டர்ல எழுதிருவாக

பாண்டி: மச்சான், மேளக்காரருக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு...

சோலைமலை: மேளமில்லாம காதுகுத்தா? ஊருல என்ன பேசுவாக

செல்வி: குத்துற நேரம் மட்டும் நிப்பாட்டச் சொல்லுங்கண்ணே. முடிஞ்ச கையோட அவர நான் கூட்டிட்டு கெளம்பிர்றேன். வேனெல்லாம் ஆகாது, உள்ள பாட்டு போட்டுருவாய்ங்க. கார்த்தி, ஒன் கார் கெடைக்குமா?

கார்த்தி: சர்வீஸ்ல நிக்கிது மதினி. சனிக்கெழம தர்றேன்னான், தந்தா நானே செக்கானூரணி வழியா கூட்டிட்டு வர்றேன்

தனம்: தரலைன்னா?

பாண்டி: மேளக்காரர்ட்ட பேசிப் பாக்குறேன். நாளைக்கு சொல்றேன்

சுந்தரி: அப்ப வேன்ல ரெண்டு சீட்டு மிச்சமா? எதுத்த வீட்டுக்காரி வரட்டுமான்னு கேட்டா