லிஃப்ட் நிலவரம் காட்டும் வெப் காம்பொனென்ட் (வலைப்பக்கத்தில் தனியாக இயங்கும் ஒரு பகுதி) நடுவில் உறைந்துவிடுகிறது, உதவி தேவை

கோவையில் எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில், லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது, ஓடுகிறதா இல்லையா என்று காட்ட ஒரு ஆண்ட்ராய்டு டேப்லெட் மாட்டியிருக்கிறேன். சில மணி நேரம் சரியாக ஓடுகிறது. அப்புறம் மாடி எண் அப்படியே நின்றுவிடுகிறது, பக்கத்தை ரீலோட் செய்தால்தான் உயிர் வருகிறது. சக்கர நாற்காலியில் வருபவர்கள் இதை நம்பித்தான் காத்திருக்கிறார்கள். பழைய தகவலைக் காட்டுவதைவிடத் திரை காலியாக இருப்பதே மேல்.

லிஃப்ட் கன்ட்ரோலரின் ரிலே அவுட்புட்டை ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்ன மைக்ரோகன்ட்ரோலர்) படிக்கிறது. ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினியில் மஸ்கிட்டோ புரோக்கர் (எம்க்யூடிடி முறையில் செய்திகளை வாங்கி அனுப்பும் சர்வர்), அதன் முன்னால் ப்ராக்ஸியாக என்ஜின்எக்ஸ். காம்பொனென்ட் லிட் (Lit) லைப்ரரியில் எழுதியது, எம்க்யூடிடி.ஜேஎஸ் லைப்ரரி வழியாக வெப்சாக்கெட்டில் (திறந்தே இருக்கும் இணைப்பு) புரோக்கருடன் இணைகிறது. போன மாதம் டேப்லெட் மாட்டியதிலிருந்தே இப்படித்தான். லேப்டாப் குரோமில் ஒரு தடவைகூட வரவில்லை.

என்ஜின்எக்ஸின் 60 நொடி ரீட் டைம்அவுட்டைக் கூட்டினேன், கீப்அலைவை (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் இடைவெளி) 30 நொடி ஆக்கினேன், திரை அணையாமல் வேக் லாக் போட்டேன், காம்பொனென்ட் பக்கத்திலிருந்து நீங்கும்போது ஓடும் டிஸ்கனெக்டட் கால்பேக்கில் பழைய இணைப்பை மூடுகிறேன். பயனில்லை. உறையும் நேரத்தில் புரோக்கர் லாகில் கிளையன்ட் டைம்அவுட் என்று இருக்கிறது, ஆனால் டேப்லெட்டில் சாக்கெட்டின் ரெடிஸ்டேட் இன்னும் 1 (அதாவது இணைப்பு திறந்திருக்கிறது) என்றே காட்டுகிறது.

இப்படிச் செத்துப்போன இணைப்பை காம்பொனென்டுக்குள்ளேயே கண்டுபிடித்து, ரீலோட் இல்லாமல் மறுபடி இணைப்பது எப்படி?