மின்சார பைக்கில் மீதி தூரம்: போன் செயலியை நம்பலாமா, டேஷ் மீட்டரே போதுமா?

ஆம்பியர்அவர்:
டேஷில் தெரியும் "இன்னும் 62 கி.மீ." என்ற எண்ணை வைத்து யாரும் பயணம் திட்டமிட வேண்டாம் என்பது என் வாதம். எந்தச் சராசரியில் அது வந்தது, அடியில் எவ்வளவு ரிசர்வ் ஒதுக்கியிருக்கிறது என்று டேஷ் சொல்வதில்லை. பிஎம்எஸ்ஸோடு (பேட்டரியின் செல்களைக் கண்காணித்துப் பாதுகாக்கும் மின்சுற்று) புளூடூத்தில் நேரடியாகப் பேசும் செயலியில் மொத்த வோல்ட், ஓடும் ஆம்பியர், மிச்சமுள்ள ஆம்பியர் அவர் (பேட்டரியில் இருக்கும் மின்னூட்டத்தின் அளவு), ஒவ்வொரு செல்லின் வோல்ட் எல்லாம் கிடைக்கும். ஜிபிஎஸ் வேகமும் சேர்ந்தால் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை வாட் அவர் (ஆயிரம் சேர்ந்தால் ஒரு யூனிட்) போகிறது என்பது தெரிந்துவிடும். 72 வோல்ட், 50 ஆம்பியர் அவர் பேட்டரி பேக்கில் 3600 வாட் அவர். அடியில் 400ஐத் தொடாமல் விட்டால் 3200. கிலோமீட்டருக்கு 40 என்றால் 80 கி.மீ. இந்தக் கணக்கை ஓட்டுபவரே சரிபார்க்கலாம். டேஷ் எண்ணை எப்படிச் சரிபார்ப்பது?

முள்மீட்டர்:
வகுத்தலில் பிழை இல்லை நண்பரே. ஆனால் அந்த மிச்ச ஆம்பியர் அவர் எங்கிருந்து வருகிறது? நிறைய செயலிகள் வோல்ட்டைப் பார்த்துச் சதவீதம் சொல்பவைதான். பேக்கின் உள்மின்தடை 0.05 ஓம் என்று வையுங்கள். த்ராட்டிலைத் திருகி 100 ஆம்பியர் இழுத்தால் 5 வோல்ட் சரியும். 20 செல் தொடரில் அது ஒரு செல்லுக்குக் கால் வோல்ட். என்எம்சி (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த லித்தியம் ரகம்) செல்லின் வோல்ட் வளைவில் நடுப்பகுதியில் கால் வோல்ட் என்றால் 30 சதவீத சார்ஜுக்கு மேல். மேம்பாலம் ஏறும்போது 55, இறங்கும்போது மறுபடி 85 என்று திரை காட்டும். டேஷ் அந்த ஆட்டத்தைச் சராசரி செய்து அடக்கிவிடுகிறது. ஓட்டுபவருக்கு அதுதான் தேவை.

இருபதுசீரிஸ்:
இரண்டு பேரும் "செயலி" என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு பொருள்களைப் பேசுகிறீர்கள்.

முதல் வகை, தயாரிப்பாளர் தரும் செயலி. வண்டி மொபைல் டேட்டாவில் சர்வருக்கு அனுப்பியதைப் போன் திரும்ப வாங்கிக் காட்டும். சிக்னல் இல்லாத இடத்தில் கடைசியாக அனுப்பிய எண் அப்படியே நிற்கும். ஓடும்போது ரேஞ்ச் பார்க்க இது உதவாது. வண்டி சார்ஜில் நிற்கும்போது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க மட்டும் நல்லது.

இரண்டாவது, ஜிபிஎஸ் வேகம், உயரம், வண்டி எடை ஆகியவற்றிலிருந்து செலவை ஊகிக்கும் செயலி. பேட்டரியோடு அதற்குத் தொடர்பே இல்லை. புறப்படும் முன் வழியை ஒப்பிடலாம், அவ்வளவுதான்.

மூன்றாவது, பிஎம்எஸ் செயலி. இதிலும் வோல்ட்டை வைத்துச் சதவீதம் சொல்பவை உண்டு, ஷன்ட் (மின்னோட்டத்தை அளக்கும் சிறு மின்தடை) வழியே ஆம்பியரை எண்ணுபவையும் உண்டு. முள்மீட்டர் சொன்ன ஆட்டம் வோல்ட் ரகத்துக்கு மட்டும் பொருந்தும். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேக்காக இருந்தால் வோல்ட் ரகத்தைத் தொடவே வேண்டாம். 30 முதல் 90 சதவீதம் வரை செல் வோல்ட் மாறுவதே 0.1க்குள்தான். அதிலிருந்து எந்தச் சதவீதத்தைப் பிரித்தெடுக்க முடியும்?

ஆம்பியர்அவர்:
சரி, ஆம்பியரை எண்ணும் ரகத்தையே சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முள்மீட்டர்:
எண்ணும் ரகத்துக்கும் நோய் உண்டு. பல பிஎம்எஸ்கள் மிகச் சிறிய மின்னோட்டத்தைப் பூஜ்யமாகவே எடுத்துக்கொள்ளும். கன்வெர்ட்டர், அலாரம், டிராக்கர் மூன்றும் சேர்ந்து 20 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு வாரத்தில் 3.4 ஆம்பியர் அவர் போய்விடும். 50இல் அது கிட்டத்தட்ட 7 சதவீதம். செயலி இன்னும் 100 என்றே காட்டும்.

அடுத்தது கொள்ளளவு அமைப்பு. பேக் பழசாகி உண்மையில் 42 ஆம்பியர் அவர்தான் தாங்குகிறது, செயலியில் 50 என்றே இருக்கிறது என்றால், திரையில் 16 சதவீதம் மிச்சமிருக்கும்போதே வண்டி நிற்கும். இதைத் திருத்தாதவர் கையில் செயலி டேஷை விட ஆபத்தானது. தசமப் புள்ளி வரை எண் தெரிவதால் நம்பிக்கை மட்டும் கூடிவிடுகிறது.

ஆம்பியர்அவர்:
திருத்துவது ஒன்றும் கடினம் இல்லை. முழு சார்ஜ் ஏற்றுங்கள். 20 செல் என்எம்சி என்றால் 84 வோல்ட் தொட்டபின்னும் சார்ஜரைக் கழற்றாமல், வோல்ட் மிகக் கூடிய செல்லுக்கும் மிகக் குறைந்த செல்லுக்கும் இடையே 10, 15 மில்லி வோல்ட் வரும்வரை பேலன்ஸ் ஆக விடுங்கள். பிறகு செயலியில் 100 என்று ரீசெட் செய்து, வழக்கமான வேகத்தில் ஓட்டி, கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) பவரைக் குறைக்கத் தொடங்கும் இடம் வரை போங்கள். அங்கே செலவான ஆம்பியர் அவர் எவ்வளவோ அதைக் கொள்ளளவாக எழுதுங்கள். அப்போது திரையின் பூஜ்யம் பவர் குறையும் இடத்தில் வரும், வண்டி நிற்கும் இடத்தில் அல்ல. அதன்பின் அடிக்கடி முழு சார்ஜ் ஏற்றினால் எண்ணிக்கைப் பிழை அங்கேயே கழுவப்பட்டுவிடும். பாதி பாதியாகவே ஏற்றுபவர்களுக்குத்தான் பிழை சேர்ந்துகொண்டே போகிறது.

இருபதுசீரிஸ்:
இதில் ஒன்று விட்டுப்போகிறது. வண்டியை நிறுத்துவது மொத்தச் சதவீதம் அல்ல, மிகப் பலவீனமான ஒரே ஒரு செல். மற்ற 19 செல்களும் 3.4 வோல்ட்டில் இருக்க, ஒன்று மட்டும் பளுவில் 2.8க்கு இறங்கினால் பிஎம்எஸ் உடனே டிஸ்சார்ஜை வெட்டிவிடும். மோட்டாருக்கு வரும் பவர் எச்சரிக்கை இல்லாமல் அறுபடும். வேகமான போக்குவரத்தின் நடுவில் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பெரும்பாலான டேஷ்களில் தனிச் செல் வோல்ட் தெரியாது. செயலியை ஆதரிக்க எனக்கு இந்த ஒரு காரணம் போதும்.

கன்ட்ரோலரின் குறைந்தபட்ச வோல்ட்டை பிஎம்எஸ் வெட்டும் அளவுக்கு மேலேயே வைக்க வேண்டும். 20 செல்லுக்கு 64 வோல்ட்டில் கன்ட்ரோலர் பவரைக் குறைக்கத் தொடங்கினால் சராசரி செல் 3.2இல் இருக்கும். வண்டி மெதுவாகிக் காட்டும், ஓரம் கட்ட நேரம் கிடைக்கும்.

காற்றெதிர்:
எல்லோரும் மிச்ச சார்ஜைப் பற்றியே பேசுகிறீர்கள். ரேஞ்ச் கணக்கில் பெரிய பிழை அதில் இல்லை, கிலோமீட்டருக்கு ஆகும் செலவில் இருக்கிறது.

ஆளும் வண்டியும் 220 கிலோ, காற்றுத்தடைப் பரப்பு 0.6 சதுர மீட்டர், மோட்டார் மற்றும் கன்ட்ரோலர் திறன் 85 சதவீதம் என்று வையுங்கள். 50 கி.மீ. வேகத்தில் கிலோமீட்டருக்கு சுமார் 33 வாட் அவர். 80இல் 69. அதே 3200 வாட் அவர் முதலில் 97 கி.மீ. தரும், பிறகு 46 கி.மீ. தான் தரும்.

காற்று இன்னும் மோசம். 60 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், பின்னால் 20 கி.மீ. வேகக் காற்று. செலவு 25 வாட் அவர்தான். செயலி மகிழ்ச்சியாக 128 கி.மீ. என்று சொல்லும். பாதி சார்ஜ் வரை போய்த் திரும்பலாம் என்று 64 கி.மீ. போனால், வரும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும், செலவு 69 ஆகும். திரும்பி வர 4400 வாட் அவர் வேண்டும், கையில் இருப்பது 1600. உண்மையில் 34 கி.மீ. இலேயே திரும்பியிருக்க வேண்டும். காற்றை அளக்கும் கருவி போனிலும் இல்லை, டேஷிலும் இல்லை.

மேடு பள்ளமும் அப்படியே. 100 மீட்டர் உயரம் ஏற இதே எடைக்கு ஏறக்குறைய 70 வாட் அவர் கூடுதலாகப் போகும். இறங்கும்போது ரீஜென் (மோட்டாரே மின்சாரம் உண்டாக்கி பேட்டரிக்கு அனுப்புவது) ஒரு பகுதியைத்தான் திருப்பித் தரும்.

முள்மீட்டர்:
இதைத்தான் நானும் கேட்கிறேன். எதிர்காலச் செலவு போனுக்கும் டேஷுக்கும் தெரியாதபோது, தசமப் புள்ளி போட்ட போன் எதற்கு? ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, சார்ஜ் ஏற்றும்போது சுவர் பக்கம் ஒரு மின்மானி வைத்தால் போதும். 50 கி.மீ. ஓடியபின் 2 யூனிட் ஏறினால் கிலோமீட்டருக்கு 40. சார்ஜர் இழப்பு 10 சதவீதத்தைக் கழித்தால் பேட்டரி பக்கம் 36.

போன் என்ற பொருளே ஹேண்டில்பாருக்கு ஏற்றதல்ல. மோட்டார்சைக்கிள் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021இல் எச்சரித்தது. மின்சார வண்டியில் அதிர்வு குறைவு என்றாலும் அதிர்வு தாங்கும் மவுன்ட் போடும்படி சொன்னது. வெயிலில் சூடேறினால் திரை மங்கும், மேலும் சூடேறினால் போன் தன்னையே பூட்டிக்கொள்ளும். மழைத்துளி பட்டால் தொடுதிரை தானாக எதையோ அழுத்தும்.

ஆம்பியர்அவர்:
சுவர் மின்மானி நேற்றைய பயணத்தைச் சொல்லும். எதிர்க்காற்று தொடங்கிய ஐந்தாவது கிலோமீட்டரில் செலவு 25லிருந்து 69க்கு ஏறுவதைச் செயலி அப்போதே காட்டும். வேகத்தைக் குறைக்க அந்த நேரத்தில்தான் தகவல் வேண்டும். ஆயுட்கால சராசரியை அணைத்துவிட்டு, கடைசி 8 முதல் 10 கி.மீ. சராசரியை வையுங்கள். 1 கி.மீ. சராசரி ஒவ்வொரு சிக்னலிலும் குதிக்கும், அதுவும் வேண்டாம்.

போன் பிரச்சினைகளில் பாதி அமைப்பில் தீரும். ஆண்ட்ராய்டில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரி சேமிப்பை நீக்காவிட்டால், திரை அணைந்ததும் பதிவு நின்றுவிடும். பழைய ஆண்ட்ராய்டில் புளூடூத் தேடலுக்கு இருப்பிட அனுமதியும் தர வேண்டும். 12ஆம் பதிப்பிலிருந்து அருகிலுள்ள சாதனங்கள் என்று தனி அனுமதி இருக்கிறது. பிஎம்எஸ் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு போனோடுதான் இணையும். வேறு போனில் செயலி திறந்திருந்தால் உங்கள் போன் தேடிக்கொண்டே இருக்கும்.

இருபதுசீரிஸ்:
அந்த இணைப்பைப் பற்றி ஒரு கடுமையான எச்சரிக்கை. கடவுச்சொல் இல்லாமலோ, எல்லோருக்கும் தெரிந்த ஆரம்பக் கடவுச்சொல்லோடோ வரும் பிஎம்எஸ்களில், பக்கத்தில் நிற்கும் யார் வேண்டுமானாலும் டிஸ்சார்ஜை அணைக்கலாம். முதல் நாளே மாற்றுங்கள். மாற்ற வழி இல்லாத மாடல் என்றால் புளூடூத் மாட்யூலுக்குத் தனி சுவிட்ச் வையுங்கள்.

முள்மீட்டர்:
சரி, பலவீன செல் விஷயத்தை ஏற்கிறேன். அதற்காகத் திரையைப் பார்த்துக்கொண்டே ஓட்டச் சொல்வதை ஏற்கமாட்டேன். போன் பாக்கெட்டில் இருக்கட்டும், குறைந்த செல் 3.2 வோல்ட்டுக்குக் கீழே போனால் ஹெல்மெட் இயர்போனில் ஒலிக்கட்டும். ரேஞ்ச் எண் எனக்கு வேண்டாம்.

ஆம்பியர்அவர்:
3.2 ஒலிக்கும்போது என்எம்சியில் சாலை கிட்டத்தட்ட முடிந்திருக்கும். பளுவில் ஒரு நொடி இறங்கினாலும் அலறும், ஆகவே 5 நொடி தாமதம் வையுங்கள். கூடவே 40 சதவீதத்தில் இன்னொரு ஒலி. அதைக் கேட்டதும் அடுத்த சார்ஜிங் இடம் எவ்வளவு தூரம் என்று ஓரமாக நிறுத்திப் பார்க்க ரேஞ்ச் எண் வேண்டியிருக்கும்.

காற்றெதிர்:
நிறுத்திப் பார்க்கும்போது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றும் பாருங்கள். அடுத்த இடம் எதிர்க்காற்றில் இருந்தால் 40 என்பது தாமதம், 55இல் ஒலி வைக்க வேண்டும்.