பாறை, மதில், ஷட்டர்: மூன்றிலும் ஒரே ஸ்பிரே பெயிண்ட்தானா?

மேலூர்க்காரன்: போன வாரம் ராத்திரியோடு ராத்திரியாக எங்கள் ஊரில் கடை ஷட்டர், சுண்ணாம்பு அடித்த கோயில் மதில், ஊருக்கு மேற்கே இருக்கிற பாறை என்று மூன்று இடத்திலும் யாரோ சிவப்பு ஸ்பிரேயில் பெயர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு பையனிடம் டின் சிக்கியது. ஆனால் ஷட்டரில் பளபளவென்று இருக்கிறது, மதிலில் செங்கல் பொடி மாதிரி மங்கல், பாறையில் கிட்டத்தட்ட அரக்கு நிறம். மூன்றும் வேறு வேறு பெயிண்ட் என்று பையன் வீட்டில் சாதிக்கிறார்கள். லேப்பில் கண்டுபிடிக்க முடியுமா?

தடயம்: முடியும், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற நிறத்தை நம்பாதீர்கள். சுண்ணாம்பு, பெயிண்டின் பைண்டரை (நிறமியைப் பிடித்து ஒட்டவைக்கும் பிசின்) உறிஞ்சிக்கொள்ளும், நிறமி மட்டும் மேலே நிற்பதால் மங்கலாகத் தெரியும். லேப்பில் அகச்சிவப்பு நிறமாலையை (எந்த அகச்சிவப்பு ஒளியைப் பொருள் உறிஞ்சுகிறது என்று காட்டும் வரைபடம்) வைத்து பைண்டர் அக்ரிலிக்கா, ஆல்கைடா, நைட்ரோசெல்லுலோஸா என்று எந்த வகைப் பிசின் என்பதைப் பார்ப்பார்கள், ராமன் நிறமாலையில் (லேசர் ஒளி பட்டுச் சிதறுவதை அளப்பது) நிறமியைப் பார்ப்பார்கள். சிக்கலே அடியில் இருக்கிற பொருளால்தான் வரும். சுண்ணாம்பில் உள்ள கால்சியம் கார்பனேட் அகச்சிவப்பு வரைபடத்தில் பெரிய முகடு (மேடு) காட்டி பெயிண்டின் முகடுகளை மறைத்துவிடும், பாறையின் சிலிக்கேட் வேறொரு இடத்தில் அதே வேலையைச் செய்யும், ஷட்டரிலோ ஸ்பிரேயின் கரைப்பான் பழைய எனாமலை இளக்கி இரண்டையும் கலந்துவிடும். அதனால் ஒவ்வொரு இடத்திலும் பக்கத்திலேயே பெயிண்ட் படாத பகுதியில் இருந்தும் ஒரு மாதிரி எடுத்தே ஆக வேண்டும், தனித்தனிப் பொட்டலமாக. இது இல்லாமல் அனுப்பினால் எந்த முகடு எதனுடையது என்று பிரிப்பதே பெரும்பாடு. இன்னொன்று, எல்லாம் ஒத்துப்போனாலும் அதே வகைப் பெயிண்ட் என்றுதான் சொல்லலாம், அதே டின்தான் என்று சொல்ல முடியாது. பையனின் சட்டைக் கை, செருப்பில் பொடிப் பொடித் துளிகள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பட்டறை அண்ணன்: தம்பி, நான் மதுரையில் வண்டிக்கு பெயிண்ட் அடிக்கிறவன். டின்னைச் சரியாகக் குலுக்காமல் அடித்தால் நிறமி அடியிலேயே தங்கிவிடும், ஒரே டின்னில் முதலில் அடித்த எழுத்தும் கடைசி எழுத்தும் வேறு மாதிரி வரும். அதனால் ஒரே எழுத்தில் சுரண்டாமல் இரண்டு மூன்று எழுத்தில் எடுக்கச் சொல்லு. டின்னில் இருந்து மாதிரி எடுக்கும்போதும் உள்ளே குண்டு நன்றாக உருளும் வரை குலுக்க வேண்டும்.

மேலூர்க்காரன்: நன்றி அண்ணே. கடைக்காரர் ஷட்டரை நாளைக்குத் தின்னர் போட்டுத் துடைப்பதாக இருந்தார், நிறுத்தச் சொல்லிவிட்டேன். பாறையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கலாமா?

பாறைப்பித்து: தயவுசெய்து வேண்டாம்! உங்கள் பக்கம் மாங்குளம், அரிட்டாபட்டிக் குன்றுகளில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உண்டு, சில இடத்தில் வெட்டு ஆழமே இருக்காது, கம்பி பிரஷ் பட்டால் எழுத்து சிதைந்துவிடலாம். மாதிரி எடுத்த பிறகும் நீங்களாக எதுவும் பூசவோ தேய்க்கவோ வேண்டாம், போட்டோ எடுத்துத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள்.